பேச்சுக்கு முன்னே பேசிய கைகள்



போன தவணையில் படிவம் 2 மாணவர்களுக்கு உவமைத்தொடர் நடத்திக்கொண்டிருந்தேன். 'ஊமை கண்ட கனவு போல' என்ற தொடர். நீங்களும் பலமுறை நடத்தியிருப்பீர்கள். மனத்தில் உள்ளதை வெளியே சொல்ல முடியாத நிலை என்று பலகையில் பொருளை எழுதிப் போட்டு, ஒரு வாக்கியமும் அமைத்துக் காட்டிவிட்டு, அடுத்த தொடருக்குப் போய்விடுவோம். நானும் அப்படிப் போகத்தான் பார்த்தேன். பின் வரிசையிலிருந்து ஒரு மாணவி கையைத் தூக்கினாள்.

"டீச்சர், இது தப்பு டீச்சர். எங்க அக்காவுக்குக் காது கேக்காது, பேசவும் வராது. ஆனா ராத்திரி கனவு கண்டா காலையில எல்லாத்தையும் கையாலயே சொல்லிடுவா. பாம்பு எவ்ளோ நீளம்னுகூட காட்டுவா."

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். எனக்குத்தான் பதில் வரவில்லை.

பிறகு பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அவளுடைய அம்மாவைப் பார்த்தேன். கூலிம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர். பேச்சுவாக்கில் அவர் சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது: "எங்கம்மா ஆயாக் கொட்டகையில வேல செஞ்சவங்க டீச்சர். தோட்டத்துப் பிள்ளைங்களுக்கெல்லாம் கையைக் காட்டி வெளையாட்டுச் சொல்லிக் குடுத்தவங்க. ஆனா எம் பிள்ளைக்குக் காது கேக்கலன்னு தெரிஞ்சதும், கை காட்டிப் பழக்குனா வாயில பேச்சே வராதுன்னு ஆளாளுக்குச் சொன்னாங்க. அவ கையைத் தூக்குனாலே நான் பிடிச்சுக் கீழ எறக்கிடுவேன்."

காது கேட்கிற பிள்ளைகளுக்கெல்லாம் கையால் பேசிக் காட்டிய ஒரு குடும்பம், கையால் மட்டுமே பேச முடிந்த தன் பிள்ளையின் கையைப் பிடித்து இறக்கியிருக்கிறது. அந்தத் தாயைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? அவருக்குச் சொல்லப்பட்ட அந்தப் பயம் அவர் தோட்டத்தில் பிறந்ததல்ல. அதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. இந்தக் கட்டுரையில் அந்த வரலாற்றைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள நினைக்கிறேன்.

ஆயாக் கொட்டகை

நம்மில் பலருக்கு ஆயாக் கொட்டகை என்பது பாட்டி சொன்ன கதை. எனக்கும் அப்படித்தான். விடிவதற்கு முன்பே பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டுப் பால்மரம் சீவப் போகிற தாய், கைக்குழந்தையை எங்கே விடுவாள்? லயத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கொட்டகை. உத்தரத்திலிருந்து தொங்கும் சேலைத் தொட்டில்கள். தரையில் தவழும் பிள்ளைகள். எல்லாரையும் பார்த்துக்கொள்ள ஓர் ஆயா, சில தோட்டங்களில் இரண்டு பேர். சுங்கைப்பட்டாணி, பீடோங், பாடாங் செராய், லூனாஸ், கூலிம் என்று கெடாவின் தென்பகுதி முழுக்கக் கித்தா தோட்டங்களாக இருந்த காலத்தில் நம் பாட்டிகளின் பிள்ளைகள் இப்படித்தான் வளர்ந்தார்கள்.

அந்தக் கொட்டகையை நான் பொற்காலமாகக் காட்டப் போவதில்லை. ஒரு கையால் பத்துப் பிள்ளைகளைப் பார்த்த இடம் அது. பால் போதாமல் அழுத பிள்ளைகளும் உண்டு. ஆனால் அந்த நெருக்கடியிலிருந்தே ஒரு பழக்கமும் வளர்ந்தது. பேச்சு வராத இத்தனை பிள்ளைகளுக்கு என்ன வேண்டும் என்று ஆயா எப்படிக் கண்டுபிடிப்பார்? கண்ணாலும் கையாலும்தான். ஐந்து விரலையும் குவித்து வாயருகே கொண்டுபோனால் சோறு. இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினால் தீர்ந்துபோச்சு. விரல்களை மடக்கி மடக்கி நீட்டினால் வா. கன்னத்தில் கையை வைத்துத் தலையைச் சாய்த்தால் தூக்கம். இரண்டு கையையும் சேர்த்தால் சாமி. கையை ஆட்டினால் டாட்டா. இதையெல்லாம் ஆயா காட்டிக் காட்டி, கடைசியில் பிள்ளையே காட்டத் தொடங்கும். வாய் திறந்து 'அம்மா' என்று சொல்லுமுன்பே கையால் 'இன்னும் வேணும்' என்று கேட்டுவிடும்.

இதற்கு யாரும் பாடநூல் எழுதவில்லை. சான்றிதழும் கொடுக்கவில்லை. ஆனால் இன்று நகரத்தில் 'குழந்தைச் சைகை' என்று பணம் கட்டிச் சேரும் வகுப்பில் சொல்லிக்கொடுப்பது ஏறக்குறைய இதைத்தான்.

இலக்கியம் குறித்து வைத்த மாதக் கணக்கு

ஆயாவுக்கு இது எங்கிருந்து வந்தது? தமிழாசிரியர்களாகிய நமக்கு விடை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பிள்ளைத்தமிழை எடுத்துப் பாருங்கள்.

காப்பு, செங்கீரை, தாலம், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி என்று ஏழு பருவங்கள் ஆண்பால், பெண்பால் இரண்டுக்கும் பொது. அதற்குப் பிறகுதான் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்று ஆண் குழந்தைக்கும், நீராடல், அம்மானை, ஊசல் என்று பெண் குழந்தைக்கும் பிரியும். நாம் இதைப் பெயர்ப் பட்டியலாக மனப்பாடம் செய்தோம். மாணவருக்கும் அப்படியே கொடுத்தோம். ஒருமுறை குழந்தையை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு இந்தப் பட்டியலைப் படித்துப் பாருங்களேன். செங்கீரையில் குழந்தை கையையும் முழங்காலையும் ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுகிறது. சப்பாணியில் இரண்டு கையையும் சேர்த்துக் கொட்டுகிறது. முத்தத்தில் உதடு வேலை செய்கிறது. வாரானையில் கால் நடக்கப் பழகுகிறது. அம்புலியில் கையை நீட்டித் தூரத்தில் இருக்கிற நிலாவைச் சுட்டிக் கூப்பிடுகிறது.

பாட்டியல் நூல்கள் இதற்கு மாதக் கணக்கும் சொல்கின்றன. சப்பாணிக்கு உரியது ஒன்பதாம் மாதம். இன்றைய குழந்தை மருத்துவரைக் கேட்டாலும், பிள்ளை ஏறக்குறைய ஒன்பது, பத்து மாதத்தில் கைகொட்டும் என்றுதான் சொல்வார். முதல் சொல் வருவதோ பெரும்பாலும் ஒரு வயதை ஒட்டி. அப்படியானால் சப்பாணி என்பது பேச்சுக்கு முந்திய கைப்பருவம். குழந்தையின் வாயிலிருந்து சொல்லை எதிர்பார்க்காமல், கையிலிருந்து பதிலை எதிர்பார்த்து நிற்கிற பருவம்.

12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கன் மீது பிள்ளைத்தமிழ் பாடினார். அதற்கும் முன்பே பெரியாழ்வார், யசோதையாகத் தன்னைப் பாவித்துக்கொண்டு, கண்ணனைச் சப்பாணி கொட்டச் சொன்னார்; அம்புலியை அழைத்தார்; அப்பூச்சி காட்டி விளையாடும் விளையாட்டையும் பாடினார். புலவர்கள் இதைக் கற்பனையில் கண்டுபிடித்திருக்க முடியாது. வீட்டுத் திண்ணையில் தாய்மார்கள் செய்ததைப் பார்த்துத்தான் இலக்கணமாக்கியிருக்க வேண்டும். அந்தத் திண்ணைப் பழக்கம்தான் கப்பலேறி வந்து நம் ஆயாக் கொட்டகையில் உட்கார்ந்தது என்பது என் எண்ணம்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். கைகொட்டுவதும் டாட்டா காட்டுவதும் சைகை. சைகை மொழி என்பது வேறு. அதற்குச் சொற்களஞ்சியம் உண்டு, இலக்கணம் உண்டு, நகைச்சுவையும் கவிதையும் உண்டு. 1960இல் வில்லியம் ஸ்டோக்கி என்ற அமெரிக்கப் பேராசிரியர், காது கேளாதோர் அங்கே பயன்படுத்தும் சைகை மொழி ஒரு முழுமையான மொழி என்பதை மொழியியல் முறையில் எடுத்துக் காட்டினார். கேட்கும் குழந்தைக்குக் கைச்சைகை பேச்சுக்கு ஏறும் படி. கேளாத குழந்தைக்குச் சைகை மொழியே வீடு.

கையைக் கட்டிய காலம்

படியையும் வீட்டையும் இடித்தது யார்?

1760களில் பாரிஸ் நகரில் லெப்பே என்ற பாதிரியார் காது கேளாத பிள்ளைகளுக்குச் சைகை வழியாகவே பாடம் நடத்தினார். அந்த முறை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவியது. காது கேளாதவர்களே ஆசிரியர்களாகவும் ஆனார்கள். ஆனால் 'வாயால் பேச வைப்பதே கல்வி' என்ற எதிர்த்தரப்பும் கூடவே வளர்ந்தது. 1880 செப்டம்பரில் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்விக்கான ஒரு மாநாடு கூடியது. சைகையைவிடப் பேச்சு முறையே மேல் என்று அங்கே தீர்மானம் நிறைவேறியது. கூடியிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட பேராளர்களில் காது கேளாதவர் ஒரே ஒருவர்தான் என்று வரலாற்றில் சொல்லப்படுகிறது. யாருடைய மொழியைப் பற்றி முடிவெடுத்தார்களோ, அவர்களுடைய கை அந்த வாக்கெடுப்பில் ஏறக்குறைய இல்லை.

அதற்குப் பிறகு பல நாடுகளில் பள்ளிகள் சைகையை வகுப்பிலிருந்து விரட்டின. காது கேளாத ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். பிள்ளைகள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆசிரியரின் உதட்டைப் பார்த்து ஒலியை உருவாக்கப் பழக வேண்டியிருந்தது. 'கை காட்டினால் வாய்ப்பேச்சு வராது' என்ற வாசகம் பாட்டி வைத்தியம்போல உலகம் முழுக்கப் பரவியது. என் மாணவியின் அம்மாவிடம் ஆளாளுக்குச் சொன்னது இந்த வாசகம்தான். 2010இல் கனடாவின் வான்கூவர் நகரில் கூடிய அதே வரிசை மாநாடு, மிலான் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. நூற்று முப்பது ஆண்டு கழித்து.

நம் தமிழ் மண்ணில் என்ன நடந்தது? 1890களில் பாளையங்கோட்டையில் புளோரன்ஸ் சுவேன்சன் என்ற ஆங்கிலேய அம்மையார் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். அவர் பெயரிலேயே அது இன்றும் நடக்கிறது. பினாங்கில் கப்பலிலிருந்து இறங்கிய நம் முன்னோரில் திருநெல்வேலிச் சீமைக்காரர்களும் இருந்தார்கள். அவர்கள் விட்டுவந்த ஊருக்குப் பக்கத்திலேயே இப்படி ஒரு பள்ளி இருந்தது. 1969இல் சென்னையில் தொடங்கிய பால வித்யாலயா, கைக்குழந்தையாக இருக்கும்போதே பிள்ளைகளைச் சேர்த்து, காதுக்கருவியோடு பேச்சுப் பழக்கி, பிறகு சாதாரணப் பள்ளிகளுக்கு அனுப்பி வைக்கிறது. அந்த வழியில் நன்றாகப் பேசக் கற்ற பிள்ளைகள் இருக்கிறார்கள். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பேச்சுப் பயிற்சி கூடாது என்பது என் வாதமல்ல. பேச்சு வரும்வரை பிள்ளையை மொழியே இல்லாமல் வைத்திருக்கக் கூடாது என்பதுதான்.

அக்கரையில் பிறந்த மொழி

நம் பக்கம் வருவோம். 1954இல் பினாங்குத் தீவின் தஞ்சோங் பூங்காவில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளி தொடங்கியது. மலாயாவில் இவ்வகையில் அதுதான் முதல் பள்ளி. கெடா தோட்டத்திலிருந்து ஒரு பிள்ளை அங்கே போக வேண்டுமென்றால் முதலில் பட்டர்வொர்த். பிறகு பெரி ஏறி அக்கரை. பினாங்குப் பாலம் வந்ததே 1985இல்தானே. பால்மரம் சீவும் குடும்பத்துக்கு அது எவ்வளவு தூரம் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். போன பிள்ளைகளைவிடப் போகாத பிள்ளைகளே அதிகம் இருந்திருப்பார்கள். அவர்கள் லயத்திலேயே வளர்ந்து, வீட்டாரோடு தாங்களே உண்டாக்கிக்கொண்ட பத்து, இருபது சைகைகளோடு வாழ்ந்து முடித்தவர்கள். ஒவ்வொரு தோட்டத்திலும் 'ஊமையன்' என்ற பெயரோடு ஒருவர் இருந்தார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் யாருக்கும் நினைவிருக்காது.

பினாங்குப் பள்ளியிலும் அன்றைய உலக வழக்கப்படி வகுப்பில் பேச்சு முறைதான். ஆனால் வகுப்புக்கு வெளியே என்ன ஆனது தெரியுமா? மலாய், சீனம், தமிழ் என்று மூன்று மொழி வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகள். ஒருவர் வீட்டு மொழி மற்றவர் காதில் விழப்போவதில்லை. கை ஒன்றுதான் பொது. அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த சைகைகளை ஒன்றோடொன்று கலந்து, பிள்ளைகளே ஒரு மொழியை வளர்த்தெடுத்தார்கள். மொழியியலாளர்கள் அதற்குப் பினாங்குச் சைகை மொழி என்று பெயரிட்டு, உலக மொழிகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். 1970, 80களில் நிக்கராகுவா நாட்டுக் காது கேளாத பிள்ளைகள் பள்ளியில் ஒன்று சேர்ந்ததும் புதிய மொழி ஒன்று பிறந்ததை உலகமே வியந்து எழுதியது. அதற்குச் சில பத்தாண்டுகளுக்கு முன்பே அதைப் போன்ற ஒன்று நம் கண்ணெதிரே, கடலுக்கு அக்கரையில் நடந்திருக்கிறது. அதில் தமிழ் வீட்டுக் கைகளும் சேர்ந்திருக்கும் என்று நினைக்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

1970களின் பிற்பகுதியில் காற்று மாறியது. அமெரிக்காவிலிருந்து 'முழுத் தொடர்பு' என்ற கொள்கை வந்தது. பேச்சு, சைகை, எழுத்து என எல்லாவற்றையும் சேர்த்துப் பயன்படுத்தலாம் என்பது அது. கல்வி அமைச்சு மலாய் மொழிக் கைக்குறிமுறையை உருவாக்கியது. மலாய் வாக்கியத்தை, அதன் முன்னொட்டு பின்னொட்டுகளோடு, அப்படியே கையால் காட்டும் முறை. கை மீண்டும் வகுப்புக்குள் வந்துவிட்டது. ஆனால் அது மலாய் மொழியின் நிழல்தான். காது கேளாதோர் தங்களுக்குள் பேசிக்கொள்வதோ மலேசியச் சைகை மொழி, அதாவது பஹாசா இஷாராட் மலேசியா. அதற்குத் தனி இலக்கணம். 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் இந்த மொழியைப் பெயர் சொல்லி ஏற்றுக்கொண்டது. அதன் 28ஆவது பிரிவு, இந்த மொழியைக் கற்க வழிசெய்வதையும் காது கேளாதோரின் மொழி அடையாளத்தை வளர்ப்பதையும் கல்வி நிலையங்களின் கடமையாக்குகிறது.

இதில் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு செய்தி இருக்கிறது. மலேசியச் சைகை மொழி மலாய் மொழியல்ல. ஒரு தமிழ்த் தாய் வாயால் தமிழ் பேசிக்கொண்டே கையால் அதைப் பழகலாம். என் மாணவியின் அக்கா ஏழு வயதில்தான் விடுதியோடு கூடிய சிறப்புப் பள்ளிக்குப் போனாள். அங்கே மலாய் வாசிக்கக் கற்றாள். அம்மாவுக்குத் தமிழ்தான் சரளமாக வாசிக்க வரும். பிள்ளை எழுதுவது அம்மாவுக்குச் சரியாகப் புரியாது. அம்மா எழுதுவது பிள்ளைக்குத் தெரியாது. அந்த வீட்டில் இருவருக்கும் பொதுவாக மிஞ்சியது கை ஒன்றுதான். தாய்மொழி என்ற சொல்லை நாம் தினமும் வகுப்பில் சொல்கிறோம். அந்த வீட்டில் அது எந்த மொழி?

ஆய்வுகள் சொல்வது

1980களில் கலிஃபோர்னியாவில் லிண்டா அக்ரெடோலோ, சூசன் குட்வின் என்ற இரு உளவியலாளர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். லிண்டாவின் ஒரு வயது மகள், பூவைப் பார்த்ததும் மூக்கை உறிஞ்சிக் காட்டினாளாம். யாரும் கற்பிக்காத சொல் அது. கேட்கும் குழந்தைகளுக்கு வேண்டுமென்றே சைகை கற்பித்தால் என்ன ஆகும் என்ற ஆய்வு அங்கிருந்து தொடங்கியது. 2000இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் 103 குழந்தைகள். 11 மாதத்திலிருந்து தொடங்கி மூன்று வயதுவரை கவனித்தார்கள். சைகை பழகிய பிள்ளைகளுக்குப் பேச்சு தாமதமாகவில்லை. சில சோதனைகளில் கொஞ்சம் முன்னிலையிலும் இருந்தார்கள்.

உடனே சந்தை புகுந்துகொண்டது. 'சைகை கற்றால் பிள்ளை அறிவாளி ஆகும்' என்று அட்டைகளும் காணொலிகளும் விற்பனைக்கு வந்தன. 2013இல் இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 40 குழந்தைகளை எட்டு மாதத்திலிருந்து கவனித்துச் சொன்னது: சைகையால் கேட்கும் குழந்தையின் மொழி வளர்ச்சி வேகமாகவில்லை. ஆனால் சைகை பழக்கிய தாய்மார்கள் பிள்ளையின் மனத்தைக் கூர்ந்து கவனிக்கிறவர்களாக மாறியிருந்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு ஆயாதான் நினைவுக்கு வந்தார். கை காட்டியதால் தோட்டத்துப் பிள்ளை மேதையாகவில்லை. ஆனால் கை காட்ட வேண்டுமென்றால் ஆயா அந்தப் பிள்ளையின் முகத்துக்கு நேரே குனிய வேண்டியிருந்தது. அது என்ன காட்டுகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. பலன் அதிலேதான்.

கேளாத குழந்தையின் கதை இன்னும் ஆழமானது. 1991இல் மொன்ட்ரியலைச் சேர்ந்த லாரா ஆன் பெட்டிட்டோவும் பவுலா மாரன்டெட்டும், சைகை மொழி பேசும் பெற்றோருக்குப் பிறந்த காது கேளாத குழந்தைகள் கையாலேயே மழலை பேசுவதைக் கண்டார்கள். மற்றக் குழந்தைகள் 'பபபா' என்று வாயால் அடுக்குவதைப்போல இவர்கள் கையசைவுகளை அடுக்கினார்கள். மழலை வாய்க்கு மட்டும் சொந்தமில்லை. மூளை மொழியைத் தேடுகிறது. காது மூடியிருந்தால் கண் வழியாகத் தேடுகிறது.

ஆனால் காது கேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் கேட்கும் பெற்றோருக்குப் பிறக்கிறவர்கள். அந்த வீட்டில் சைகை மொழி இருக்காது. முதல் மொழியே இல்லாமல் ஐந்து, ஆறு ஆண்டுகள் கடந்துவிட்டால், பிறகு எந்த மொழியைக் கற்றாலும் அது முழுமையாக வேர்விடுவது கடினம் என்று ரேச்சல் மேபெரி போன்றோரின் ஆய்வுகள் காட்டுகின்றன. அதனால்தான் கேட்கும் குழந்தைக்குச் சைகை ஓர் அழகான விளையாட்டு. கேளாத குழந்தைக்கு அது நாள் தள்ள முடியாத தேவை. நம் ஊரில் இது தலைகீழாக நடந்தது. விளையாட்டைத் தாராளமாகக் கொடுத்தோம். தேவையைத் தடுத்தோம்.

நாம் என்ன செய்யலாம்?

'நான் இடைநிலைப்பள்ளி ஆசிரியர், கைக்குழந்தைக்கும் எனக்கும் என்ன?' என்று நீங்கள் கேட்கலாம். நம் மாணவர்கள் எல்லாரும் யாரோ ஒரு குழந்தைக்கு அண்ணன், அக்கா. சில ஆண்டுகளில் அவர்களே பெற்றோர். நாம் வகுப்பில் சொல்வது வீட்டுக்குப் போகிறது.

முதலாவது, காது. காது கேளாத குழந்தையும் முதல் சில மாதம் 'ங்கு' என்று ஒலியெழுப்பும், சிரிக்கும். அதனால் பெற்றோர் ஏமாந்துபோகிறார்கள். ஆறு மாதத்தில் சத்தம் வந்த பக்கம் திரும்பவில்லை, ஒரு வயதாகியும் பெயர் சொன்னால் பார்க்கவில்லை என்றால், 'அவன் அப்பனும் லேட்டாத்தான் பேசினான்' என்று காத்திருக்க வேண்டாம். கிளினிக்கில் சொல்லிச் செவிப் பரிசோதனை கேட்க வேண்டும். என் மாணவியின் அக்காவுக்கு மூன்று வயதில்தான் தெரிய வந்தது.

இரண்டாவது, கை. காதுக்கருவி பொருத்தினாலும், அறுவை சிகிச்சையில் உட்செவிக் கருவி வைத்தாலும், பேச்சுப் பயிற்சிக்குப் போனாலும், சைகை அதற்குத் தடையல்ல. பிள்ளையின் கண்ணுக்கு நேரே, வெளிச்சத்தில், முகபாவத்தோடு, ஒரே பொருளுக்கு ஒரே சைகை. சோறு, பால், போதும், இன்னும், வலி, அம்மா. இவற்றில் தொடங்கலாம். காது கேளாத பிள்ளையாக இருந்தால் அதோடு நிற்காமல், மலேசியச் சைகை மொழி தெரிந்த பெரியவர்களோடு பழக விட வேண்டும். கெடாவிலேயே, அலோர் ஸ்டாரில், காது கேளாத பிள்ளைகளுக்கான சிறப்புப் பள்ளி இருக்கிறது. இன்று யாரும் பெரி ஏற வேண்டியதில்லை.

மூன்றாவது, நம் சொல். 'ஊமை', 'செவிடு' என்ற சொற்களைப் பாடத்தில் வந்தால் விளக்குவோம். ஆளைக் குறிக்கப் பயன்படுத்த வேண்டாம். காது கேளாதவர் என்று சொன்னால் போதும். பிள்ளைத்தமிழ் நடத்தும்போது, அடுத்த முறை மாணவரையே வீட்டில் உள்ள கைக்குழந்தையைக் கவனித்து, எந்த மாதத்தில் என்ன செய்கிறது என்று எழுதிவரச் சொல்லுங்கள். நான் செய்து பார்த்தேன். பருவங்களின் பெயரை யாரும் மறக்கவில்லை.

ஆயாக் கொட்டகைகள் இன்று ஏறக்குறைய இல்லை. கித்தா போய்ச் செம்பனை வந்தது; பல இடங்களில் செம்பனையும் போய்த் தாமான் வந்தது. 1996இல் கூலிமில் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறந்தது. பால்மரம் சீவியவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே தொழிற்சாலை ஷிஃப்ட் வேலைக்குப் போகிறார்கள். குழந்தையின் முன்னால் குனிந்து கை காட்ட ஆயா இல்லை, கைப்பேசி இருக்கிறது. ஆனால் அதற்குப் பிள்ளையின் கை என்ன சொல்கிறது என்று தெரியாது.

பள்ளி விளையாட்டுப் போட்டி நாளில் அந்த மாணவி தன் அக்காவை அழைத்து வந்தாள். கூடாரத்துக்குக் கீழே உட்கார்ந்து மூவரும் பேசினோம். தங்கை மொழிபெயர்த்தாள். அவர்கள் அம்மாவும் பக்கத்தில் இருந்தார். இப்போது மகளிடமே சைகை கற்றுக்கொண்டு வருகிறாராம். தடுமாறித்தான் காட்டினார். ஆனால் காட்டினார். நான் அக்காவிடம் அந்தக் கனவைப் பற்றிக் கேட்கச் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே தொடங்கினாள்: இருட்டு, கித்தாக் காடு, ஓட்டம், ஏதோ ஒரு வீடு. நடுவில் பலவற்றுக்குத் தங்கையின் உதவி வேண்டியிருந்தது.

பாம்பு வந்தபோது மட்டும் யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு கையையும் விரித்தாள். போதாமல் எழுந்து நின்று இன்னும் விரித்தாள். அவ்வளவு நீளம்.